ஊளி வகுப்புக்கு எத்தனை ஆயுசு? ஒரு கற்பனைக் கடற்படைக்கு நான்கு வழிகள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ராமேஸ்வரம் பக்கத்து மண்டபத்தில் விசைப்படகுக்காரர்களுக்கு அந்த நாட்களில் கடல் கிடையாது, மராமத்து மட்டும்தான். படகைக் கரையேற்றி, அடியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டி, பலகை இடுக்கில் தண்ணீர் கசியாமல் அடைத்துக் கலப்பத்து அடித்து, பெயிண்ட் பூசி, எஞ்சினைப் பிரித்து மாட்டி என்று பகல் ஓடிவிடும். ராத்திரியில் நானும் மச்சானும் அக்கா மகனும் நீள நோட்டை விரித்துக்கொண்டு எங்கள் கடற்படையை நடத்துவோம். எட்டு வருஷமாக இது நடக்கிறது. நாடே கற்பனை. இந்தியப் பெருங்கடலில் எங்கோ ஒரு தீவு, ஒரே ஒரு பெரிய உலர்துறை (தண்ணீரை வடித்துவிட்டுக் கப்பலைப் பழுது பார்க்கிற துறை), சொந்தமாக எண்ணெய் கிடையாது, மாலுமிகளுக்கு எப்போதும் தட்டுப்பாடு. இந்த நாட்டின் பெருமையே நான்கு பெரிய கப்பல்கள்தான். ஊளி, சீலா, பாறை, கட்டா என்று நம் கடல் மீன்களின் பெயரையே வைத்துவிட்டோம். 1915-இல் கடற்படையில் சேர்ந்தவை, 13.5 அங்குலப் பீரங்கி எட்டு, நிலக்கரி எரிக்கும் கொதிகலன், 27 நாட் வேகம் (ஒரு நாட் என்றால் மணிக்குச் சுமார் 1.85 கிலோமீட்டர்).

இந்த வருஷம் இவற்றின் மிச்ச வரலாற்றை எழுதி முடிக்க வேண்டும். விதி ஒன்றே ஒன்று: வகுப்பு (ஒரே வரைபடத்தில் கட்டிய கப்பல்களின் கூட்டம்) குறைந்தது ஐம்பது வருஷம் பணியில் இருக்க வேண்டும், படிக்கிறவன் ‘இதெல்லாம் கதை’ என்று சிரிக்கவும் கூடாது. அதனால் நிஜத்தில் நீண்ட நாள் உழைத்த பெரிய கப்பல்களை வரிசையாக எடுத்துப் பார்த்தோம். ஜப்பான் வழி, அமெரிக்க வழி, துருக்கி வழி, பிரிட்டன் வழி என்று நான்கு அகப்பட்டன. உங்களில் யாராவது இப்படி ஒரு கற்பனைக் கடற்படையோ கதையோ வைத்திருந்தால் உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

மருமகன் முதல் நாளே தீர்ப்புச் சொல்லிவிட்டான். “மாமா, அமெரிக்காக்காரன் மாதிரி ஏவுகணை வச்சுட்டா முடிஞ்சுபோச்சு, 1992 வரைக்கும் ஓட்டலாம்.” அவன் சொல்வது ஐயோவா வகுப்பை. நான்கு கப்பல்கள், 1943-லும் 1944-லும் பணியில் சேர்ந்தவை, 16 அங்குலப் பீரங்கி ஒன்பது, வேகம் 33 நாட். இரண்டாம் உலகப்போரில் ஜப்பான் சரணடைந்து கையெழுத்துப் போட்டது இவற்றில் ஒன்றான மிசௌரியின் மேல்தளத்தில். கொரியப் போரில் நான்கும் சுட்டன. வியட்நாமுக்கு நியூ ஜெர்சி மட்டும் போனது. 1980களில் நான்கையும் மறுபடி எழுப்பி, ஒவ்வொன்றிலும் 32 டோமஹாக், 16 ஹார்ப்பூன் ஏவுகணைகள் வைத்தார்கள். 1991 வளைகுடாப் போரில் மிசௌரியும் விஸ்கான்சினும் சுட்டன. மிசௌரி ஓய்வு பெற்றது 1992 மார்ச்சில்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஐம்பது வருஷக் கணக்கும் அப்படியே வந்துவிடுகிறது. ஆனால் நோட்டில் வருஷம் வருஷமாகப் போட்டுப் பார்த்தால் வேறு கதை தெரியும். நியூ ஜெர்சி நிஜமாகப் பணியில் இருந்தது மொத்தம் சுமார் 21 வருஷம். விஸ்கான்சின் 14 வருஷம்தான். மிச்ச நாளெல்லாம் உள்ளே ஈரக்காற்று புகாமல் அடைத்து, துருப்பிடிக்காமல் காவல் காத்துத் தூங்க வைத்திருந்தார்கள். அப்படித் தூங்க வைக்க அமெரிக்காவிடம் இடம் இருந்தது, பணம் இருந்தது, அந்த நேரத்தில் வேலை செய்ய வேறு கப்பல்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. ஒரே உலர்துறை வைத்திருக்கிற தீவு நாட்டுக்கு இது எப்படிப் பொருந்தும்? நான்கு படகு வைத்திருக்கிற முதலாளி மூன்றைப் பதினைந்து வருஷம் கரையில் கட்டிப்போட்டால் ஊரில் என்ன பேசுவார்கள்?

ஆள் கணக்கு இதைவிடப் பெரிய இடி. 1980களில் ஆட்களைக் குறைத்தும் ஒரு ஐயோவாவுக்குச் சுமார் 1,500 பேர் வேண்டியிருந்தது. நம் தீவில் அத்தனை பேரை ஒரே கப்பலில் ஏற்றிவிட்டால் மற்ற கப்பல்களுக்கு யார் போவது? அப்புறம், அந்தப் பெரிய பீரங்கி வேலை தெரிந்த கை வேண்டும். 1980களில் அமெரிக்கக் கடற்படையில் வேறு எந்தக் கப்பலிலும் 16 அங்குலப் பீரங்கிக் கோபுரம் (பீரங்கிகளைத் தாங்கித் திரும்புகிற கவசக் கூண்டு) கிடையாது. பழகுவதென்றால் இந்த நான்கில்தான் பழக வேண்டும். 1989 ஏப்ரல் 19-இல் ஐயோவாவின் இரண்டாம் கோபுரத்தில் வெடித்து 47 பேர் செத்தார்கள். காரணம் பற்றி ஒருவர் ஒன்று சொல்ல இன்னொருவர் வேறு சொல்லி விசாரணை இழுத்தது, அதற்குள் நான் போகவில்லை. ஒரு தொழிலைத் தெரிந்தவர்கள் எண்ணிக்கை குறையக் குறைய அந்தத் தொழிலில் ஆபத்து கூடும் என்று இங்கே சங்கு குளிக்கிறவர்களுக்கும் தெரியும், அவ்வளவுதான்.

ஆனால் ஐயோவா கதையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது, அதை மருமகன் கவனிக்கவே இல்லை. ஐயோவாவுக்குச் சற்று முன்னால் அமெரிக்கா வட கரோலினா வகுப்பில் இரண்டு, தெற்கு டகோட்டா வகுப்பில் நான்கு என்று ஆறு கப்பல்கள் கட்டியது. இவற்றிலும் அதே 16 அங்குலப் பீரங்கி ஒன்பதுதான், குழாய் நீளம் மட்டும் கொஞ்சம் குறைவு. வயதும் ஒன்றிரண்டு வருஷ வித்தியாசம்தான். இந்த ஆறும் 1947-இல் படுத்தவை எழுந்திருக்கவே இல்லை. மூன்று உடைபட்டன, மூன்று அருங்காட்சியகம் ஆயின. ஏனென்றால் இவை 27, 28 நாட் கப்பல்கள், விமானந்தாங்கிகளின் முழு வேகத்துக்கு ஈடுகொடுத்து ஓட முடியாது. ஐயோவா ஓடும். ஜப்பானிலும் இதே கதைதான். உலகத்திலேயே பெரிய பீரங்கி வைத்திருந்த யமாட்டோ 27 நாட் கப்பல்; அது பசிபிக் கடலில் இருக்கிற ட்ரூக் துறைமுகத்தில் நின்றே கிடந்ததால் மற்ற கப்பல்காரர்கள் ‘ஹோட்டல் யமாட்டோ’ என்று கேலி செய்தார்கள். அதே நேரத்தில் முப்பது வயதான கொங்கோ வகுப்பு 30 நாட்டில் எல்லாச் சண்டைக்கும் ஓடிக்கொண்டிருந்தது. பீரங்கியைப் பார்த்து யாரும் ஒரு கப்பலை வைத்துக்கொள்வதில்லை, எஞ்சினைப் பார்த்துத்தான் வைத்துக்கொள்கிறார்கள். நான்கு வழியையும் இந்த அளவுகோலில்தான் அளந்தேன்.

சரி, ஜப்பான் வழி. எங்கள் ஊளிக்கு இதுதான் ரத்த சொந்தம். கொங்கோ வகுப்பில் முதல் கப்பலை ஜப்பான் இங்கிலாந்தில் விக்கர்ஸ் கம்பெனியில் கட்டி 1913-இல் வாங்கியது. அந்த வரைபடத்தை வைத்து ஹியெய், ஹருனா, கிரிஷிமா மூன்றையும் சொந்த நாட்டிலேயே கட்டியது. 14 அங்குலப் பீரங்கி எட்டு, 27.5 நாட். 1922 வாஷிங்டன் ஒப்பந்தம் புதிய பெரிய கப்பல் கட்டுவதை நிறுத்தி வைத்ததால் இருப்பதைத் திருத்த வேண்டிய நிலை. முதல் திருத்தத்தில் விலாவில் டார்பிடோவைத் தாங்கும் புடைப்பு வைத்துக் கவசத்தையும் கூட்டினார்கள், வேகம் 26 நாட்டுக்கு இறங்கிப்போனது. 1930களில் நடந்த இரண்டாவது திருத்தத்தில்தான் மந்திரம் நடந்தது. பின்பக்கத்தைச் சுமார் 8 மீட்டர் நீட்டினார்கள். கட்டியபோது 36 கொதிகலன் இருந்த கப்பலில் எண்ணெய் எரிக்கும் புதுக் கொதிகலன் எட்டு வைத்தார்கள், ஹருனாவில் மட்டும் பதினொன்று. 64,000 குதிரைத்திறன் 1,36,000 ஆனது. எடை ஐயாயிரம் டன் ஏறியும் வேகம் 30 நாட் வந்தது.

இது எப்படி முடியும் என்று மச்சான் நம்பவில்லை, எடை கூடினால் வேகம் குறையத்தானே வேண்டும் என்றார். ஆனால் போன வருஷத் தடைக்காலத்தில் அவர் படகிலேயே இதுதான் நடந்தது. பழைய எஞ்சினை எடுக்க வேண்டும். எஞ்சின் ரூம் கூரையைப் பிரித்து, மூன்று மரத்தை முக்காலி மாதிரி நட்டு, செயின் புளாக்கைத் தொங்கவிட்டு, ஏழு பேர் ஆளுக்கொரு திசையில் கத்திக்கொண்டு நிற்க, எஞ்சின் ஒரு முழம் எழும்பி வலது பக்கம் ஆடி, ஒரு பலகையைப் பெயர்த்துவிட்டுத்தான் வெளியே வந்தது. உள்ளே போன புது எஞ்சின் முக்கால் அளவுதான் இருந்தது, சக்தி மட்டும் கூட. மிச்சமான இடத்தை மச்சான் ஒரு நாள் கூடச் சும்மா விடவில்லை, ஐஸ் பெட்டியை அந்தப் பக்கம் நீட்டிவிட்டார். கொங்கோவிலும் நடந்தது இதேதான், என்ன, அங்கே பெயர்க்க வேண்டியது பலகை இல்லை, கவசத் தகடு. பெரிய கப்பலில் கொதிகலனை மாற்றுவது ஏன் வருஷக்கணக்கில் இழுக்கிறது என்றால் அதற்கு மேலே இருக்கிற தளங்களை எல்லாம் அறுத்துத் திறக்க வேண்டும், வேலை முடிந்ததும் பழையபடி மூட வேண்டும்.

அந்தப் படகுக் கதைக்கு இன்னொரு பாதி இருக்கிறது. புது எஞ்சினோடு கடலுக்குப் போன முதல் வாரமே அடியில் தண்ணீர் கசிந்தது. எஞ்சின் தருகிற வேகத்தைப் பழைய பலகை தாங்கவில்லை, அடித்த கலப்பத்து பல இடத்தில் விட்டுப்போனது. மறுபடி கரையேற்றி, மறுபடி செலவு. கொங்கோ வகுப்புக்கும் எஞ்சின்தான் புதிது, விலாக் கவசம் பழையபடி 8 அங்குலம்தான். 1942 நவம்பரில் பசிபிக் தீவான குவாடல்கனால் பக்கம் ராத்திரிச் சண்டையில் குரூசர், டெஸ்ட்ராயர் என்ற அமெரிக்கச் சின்னப் போர்க்கப்பல்கள் கிட்டப்போய் ஹியெய்யை அடித்தன. சுக்கான் அறைக்குள் தண்ணீர் ஏறி, திரும்ப முடியாமல் வட்டமடித்து, விடிந்ததும் விமானங்களுக்கு இரையானது. இரண்டு நாள் கழித்து கிரிஷிமா 16 அங்குலப் பீரங்கிக்கு முன்னால் மாட்டி மூழ்கியது. கொங்கோவை 1944-இல் நீர்மூழ்கி ஒன்று முடித்தது, ஹருனா 1945-இல் குரே துறைமுகத்தில் விமானத் தாக்குதலில் உட்கார்ந்துவிட்டது.

இந்த நான்கும் ஒருமுறை நம் கடல் பக்கம் வந்திருக்கின்றன. 1942 ஏப்ரல் 5-இல் கொழும்பையும் 9-இல் திருகோணமலையையும் அடிக்க வந்த ஜப்பான் விமானந்தாங்கிகளுக்குத் துணையாக வந்த பெரிய போர்க்கப்பல்கள் இந்த நான்கேதான். வேறு வகுப்பு எதுவும் கூட வரவில்லை, வேகம் பத்தாது. மருமகன் உடனே வரைபடத்தில் எங்கள் தீவுக் கடற்படைக்குத் தளமாக ஒரு விரிகுடாவைக் காட்டினான், பார்த்தால் அப்படியே நம் பாக் விரிகுடாவின் நகல். பாக் விரிகுடாவில் பெரும்பாலான இடத்தில் ஆழம் பத்துப் பன்னிரண்டு மீட்டர்தான். முழுச் சுமையோடு ஐயோவாவுக்குத் தண்ணீருக்குள் இருப்பதே 11 மீட்டர். “நிறுத்தலாம், எடுக்க முடியாது” என்றார் மச்சான். தளத்தை மன்னார் வளைகுடா மாதிரி ஆழமான பக்கத்துக்கு மாற்றிவிட்டோம். நீங்கள் கற்பனைக் கடற்படை வைத்திருந்தால் தயவுசெய்து ஆழத்தை முதலில் பாருங்கள், நாங்கள் எட்டு வருஷம் பார்க்கவில்லை.

துருக்கி வழிதான் எனக்குப் பிடித்தது, ஏனென்றால் அதில் பணக்காரத்தனமே கிடையாது. கோபன் என்ற ஜெர்மன் பேட்டில்குரூசர் (பெரிய பீரங்கி வைத்த வேகமான போர்க்கப்பல்), 1912-இல் சேர்ந்தது, 28 சென்டிமீட்டர் பீரங்கி பத்து. 1914-இல் பிரிட்டிஷ் கப்பல்களுக்குப் போக்குக் காட்டி இஸ்தான்புல்லுக்கு ஓடிவந்து, ஆகஸ்ட் 16-இல் மாலுமிகளோடு சேர்த்து துருக்கிக் கொடிக்கு மாறி யாவுஸ் ஆனது. கெட்டிக்காரப் பயலை நாம் ‘எம்டன்’ என்கிறோமே, அந்த எம்டன் சென்னையைச் சுட்டது அதற்கு ஐந்து வாரம் கழித்து. இரண்டும் ஒரே கடற்படையின் கப்பல்கள். எம்டன் நவம்பரிலேயே கொக்கோஸ் தீவில் முடிந்துபோனது. யாவுஸ் 1950 வரை பணியில் இருந்தது.

எப்படி? வேறு வழியில்லாமல். 1914 டிசம்பரில் இரண்டு கண்ணிவெடி, 1918 ஜனவரியில் மூன்று. அதை ஏற்றிப் பழுது பார்க்கிற அளவுக்கு அந்த நாட்டில் உலர்துறையே கிடையாது. ஓட்டையைச் சுற்றித் தண்ணீரைத் தடுக்க இரும்பு அடைப்புக் கட்டி, உள்ளே இருக்கிற தண்ணீரை இறைத்துவிட்டு, மிதந்தபடியே அடைத்தார்கள். போருக்குப் பிறகு பல வருஷம் கேட்பாரற்றுக் கிடந்தது. 1927-இல் பிரெஞ்சுக் கம்பெனியை வைத்துத் திருத்தம் தொடங்கியது. அதற்காக வாங்கிய மிதவைத் துறையில் (மிதக்கும் உலர்துறை) ஊழல் வெடித்து, கடற்படை அமைச்சருக்குத் தண்டனை கிடைத்து, அமைச்சகத்தையே மூடிவிட்டார்கள். 1930-இல் திருத்தம் முடிந்து மறுபடி ஓடியது. 1938-இல் துருக்கியின் முதல் அதிபர் அதாதுர்க்கின் உடலைச் சுமந்தது. 1946 ஏப்ரலில் இஸ்தான்புல்லுக்கு மிசௌரி வந்தபோது வரவேற்கப் போனது யாவுஸ்தான், புத்தம் புது மாப்பிள்ளையை ஊர்க் கிழவி வாசலில் நின்று கூப்பிடுகிற மாதிரி. 1963-இல் மேற்கு ஜெர்மனிக்கே திருப்பி விற்கப் பார்த்தார்கள், வேண்டாம் என்றுவிட்டது. 1973-இல் உடைக்கத் தொடங்கினார்கள்.

எங்கள் பாம்பன் பழைய ரயில் பாலமும் 1914-இல் திறந்ததுதான். 1964 புயலில் அடிபட்டு, ஒட்டுப்போட்டு, உப்புக்காற்றில் துருப்பிடித்து, சுரண்டிச் சுரண்டிப் பெயிண்ட் அடித்து, 2022 வரை ரயிலைச் சுமந்தது. அதற்கு நீண்ட ஆயுள் வந்ததும் தீவுக்குப் போக வேறு ரயில் பாதை இல்லாததால்தான். புதிய பாலம் 2025-இல் திறந்தபிறகு பழையதைப் பார்க்க ஒரு மாதிரி இருக்கிறது.

ஆனால் துருக்கி வழியில் எங்களுக்கு ஒரு சிக்கல். யாவுஸ் ஒற்றைக் கப்பல், எங்களிடம் இருப்பது நான்கு. நான்கையும் ஒட்டுப்போட்டு ஓட்ட முடியாது.

பிரிட்டன் வழியைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். வான்கார்ட், 1946-இல் பணியில் சேர்ந்தது, பிரிட்டனின் கடைசி பேட்டில்ஷிப் (பெரிய பீரங்கியும் தடித்த கவசமும் உள்ள போர்க்கப்பல்). அதன் 15 அங்குலப் பீரங்கி எட்டையும் தாங்கிய கோபுரங்கள் முதல் உலகப்போர்க் காலத்தவை; கரேஜியஸ், குளோரியஸ் என்ற இரண்டு கப்பல்களை 1920களில் விமானந்தாங்கிகளாக மாற்றியபோது கழற்றிக் கிடங்கில் போட்டு வைத்திருந்தவை. புது உடம்பில் பழைய பீரங்கி. ஒரு போரிலும் சுடவில்லை, 1960-இல் உடைக்கப் போயிற்று. கடைசியாக இழுத்துப் போகும்போது போர்ட்ஸ்மத் துறைமுக வாயிலில் தரைதட்டி நின்று ஊரே வேடிக்கை பார்த்தது. பதினாலு வருஷம். எங்கள் விதிப்படி இது தேறாது. ஆனால் ‘ஒன்றின் பீரங்கியைக் கழற்றி இன்னொன்றுக்கு வை’ என்ற புத்தியை மட்டும் திருடிக்கொண்டேன். பெரிய பீரங்கியின் குழாய் சுடச்சுட உட்புறம் தேயும், மாற்றுக் குழாய் இல்லையென்றால் கப்பல் வெறும் இரும்பு.

ஆக, என் தீர்ப்பு. 1934-இல் தொடங்கி ஊளியை ஜப்பான் முறையில் முழுசாகத் திருத்துகிறோம், அது வெளியே வந்தபிறகு சீலா உள்ளே போகிறது. ஒரே உலர்துறை, ஒன்றன்பின் ஒன்றாகத்தான். புதுக் கொதிகலன், 29 நாட், அதற்கு மேல் ஆசைப்படவில்லை, கலப்பத்து ஞாபகம் இருக்கிறது. பாறையைப் பயிற்சிக் கப்பலாக்குகிறோம். இதற்கும் முன்மாதிரி இருக்கிறது: 1930 லண்டன் ஒப்பந்தத்தால் ஹியெய் ஒரு பீரங்கிக் கோபுரத்தையும் விலாக் கவசத்தையும் இழந்து பயிற்சிக் கப்பலாகச் சில வருஷம் ஓடியது. புதுப் பையன்கள் பாறையில் பழகி ஊளிக்குப் போவார்கள், தொழில் தெரிந்த கை அறுபடாது. கட்டாவை உடைக்கிறோம். எட்டுக் குழாயும் கிடங்குக்கு, மற்றதெல்லாம் எடைக்கு. போர் முடிந்தபிறகு சீலா தூங்கும், ஊளி மட்டும் ஓடும், கரையில் இருக்கிற எதிரியைச் சுடவும் கொடி காட்டவும். 1966-இல் ஊளி ஓய்வு, ஐம்பத்தொரு வருஷம். ஏவுகணை கிடையாது. அந்தக் காசுக்கும் அந்த ஆளுக்கும் நாலைந்து ஃபிரிகேட் (சின்னப் போர்க்கப்பல்) வாங்கலாம், வாங்குகிறோம்.

மச்சான் ஒத்துக்கொண்டார், ஊளிக்குள் மிச்சமாகும் கொதிகலன் இடத்தில் என்ன வைக்கப்போகிறாய் என்று மட்டும் கேட்டார். எண்ணெய்த் தொட்டி என்றேன், ஐஸ் பெட்டி இல்லையா என்றார்.

மருமகனுக்குத்தான் கட்டா மேல் கோபம். அவன் பெயர் வைத்த கப்பல் அது. எங்கே உடைப்பீர்கள் என்று கேட்டான். வாலிநோக்கத்தில் ஒரு காலத்தில் நிஜமாகவே கப்பல் உடைத்தார்கள், பழைய சாமான் கொஞ்சம் சுற்று வட்டார வீடுகளுக்கு வந்தது. எங்கள் பெரியம்மா வீட்டுக் குளியலறைக்குப் போட்டிருப்பது கப்பல் கதவுதான், வாசற்படி ஒரு அடி உயரம், தெரியாதவன் இடறி விழுவான். அந்த மாதிரி ஒரு கரையை நம் தீவிலும் வைத்து அங்கே உடைப்போம் என்றேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, மணியையும் சக்கரத்தையும் உடைக்கக் கூடாது, ஊளியில் கொண்டுபோய் மாட்ட வேண்டும், அப்படியானால் கையெழுத்துப் போடுகிறேன் என்றான். நோட்டில் அப்படியே எழுதினேன். பேனாவை வாங்கி அவன் இன்னொரு வரியும் சேர்த்தான்: மணி, ஒன்று. சக்கரம், ஒன்று. நங்கூரம், இரண்டு.